சிவப்புப் புள்ளி வைத்த தம்ளர்

என் பெயிண்டர் ஐயாவுக்கு,

சாரத்தில் நின்றுகொண்டு இதைப் படிக்காதீர்கள். கீழே இறங்கி உட்காருங்கள்.

போன மாதம் உங்கள் தம்ளரிலும் தட்டிலும் சிவப்புப் பெயிண்டில் ஒரு புள்ளி முளைத்தது. "இது என்னங்க புது அலங்காரம்?" என்று கேட்டேன். "சும்மா, கலர் பாத்தேன்" என்றீர்கள். உங்களுக்குப் பொய் சொல்லவே வராது. ஞாயிற்றுக்கிழமை அதே தம்ளரில் நான் தண்ணீர் குடிக்கப் போனதும் கையிலிருந்து பிடுங்கினீர்கள். "எனக்கு எச்ஐவி இருக்கு" என்று அழுதீர்கள். அன்றிலிருந்து கூடத்தில் பாய் போட்டுப் படுக்கிறீர்கள்.

எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்பேன். கோபம் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, வீட்டுக்கு வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

நேற்று டாக்டரம்மாவிடம் போனேன். எனக்கு இல்லையாம். மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை பார்க்க வேண்டுமாம். நீங்கள் மாத்திரையை விடாமல் போட்டு, ரத்தத்தில் கிருமி தெரியாத அளவுக்குக் குறைந்துவிட்டால் எனக்கு ஒட்டாதாம். அதுவரை ஆணுறை போடச் சொன்னார். தம்ளர் கதையைச் சொன்னதும் சிரித்துவிட்டார். "தம்ளர்ல எல்லாம் ஒட்டாதும்மா. பக்கத்துல உக்காந்து சாப்பிடுங்க."

பாயைச் சுருட்டிப் பரணில் போட்டுவிட்டேன். காலையில் உங்கள் பெயிண்டை எடுத்து வீட்டிலுள்ள எல்லாத் தம்ளரிலும் தட்டிலும் புள்ளி வைத்துவிட்டேன். எல்லாம் கோணல்தான், திட்டாதீர்கள்.

இனி உங்களுடையது எது என்று நீங்களே கண்டுபிடியுங்கள்.

கட்டிலில் பாதி இடம் விட்டுக் காத்திருக்கும்,
உங்கள் வீட்டுக்காரி