மாரிசெலின் ஊரில் அப்படியாம்

2024 செப்ரெம்பர் 8

பேஸ்மென்ற்றுக்கு வாடகைக்கு வந்த மாரிசெலை எனக்குப் பிடிக்கவில்லை. மெக்சிக்கோவாம். ஆணின் தோள், பெண்ணின் நடை, கறுப்பு வெல்வெற் சட்டை முழுக்கக் கையால் தைத்த பூக்கள். மகன் கஜீவன் வேலையால் வந்ததும் கீழே இறங்கிவிடுகிறான். அப்படி என்ன கதை?

செப்ரெம்பர் 15

வோஷிங் மெசின் கீழேதான் இருக்கிறது. நல்லதாய்ப் போயிற்று. இன்று தோய்த்த உடுப்பையே மறுபடி தோய்த்தேன். இருவரும் ஊசியும் நூலுமாக இருந்தார்கள். என்னைக் கண்டதும் பேச்சு நின்றது. மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம்?

செப்ரெம்பர் 29

யூனியன்வில்லில் பேசின பெண் வீட்டார் சாதகக் குறிப்புக் கேட்கிறார்கள். கஜீவன், "இப்ப வேண்டாம் அம்மா" என்கிறான். இது கீழே இருப்பவளின் வேலைதான். அவளா, அவனா?

ஒக்ரோபர் 6

கேட்டே விட்டேன். மாரிசெல் கோபிக்கவில்லை. தான் ஆணுமில்லை பெண்ணுமில்லை, முஷே என்றாள். அவள் பிறந்த ஹுச்சித்தானில், சபோத்தெக் மக்களிடம், இது காலங்காலமாக இருப்பதாம். அப்படிப் பிள்ளை கிடைத்தால் தாய்க்கு வரமாம். மற்றப் பிள்ளைகள் கலியாணம் கட்டிப் போனாலும் முஷே பிள்ளை வீட்டோடு இருந்து தாயைக் கடைசிவரை பார்க்குமாம்.

அப்படியென்றால் இவள் ஏன் தாயை விட்டு ரொறன்ரோவுக்கு வந்தாள்? நான் நம்பவில்லை.

ஒக்ரோபர் 7

கஜீவன் அழுதுகொண்டு சொன்னான் — "அம்மா, நானும் அவ மாதிரித்தான்."

எனக்குக் கையும் ஓடேல்லை, காலும் ஓடேல்லை. ஆர் சொல்லிக் குடுத்தது? அவளோ? இல்லையாம், சின்னனிலயே அப்பிடித்தானாம். ஒரே வீட்டிலை இருந்து நான் என்னத்தைப் பாத்தனான்?

ஒக்ரோபர் 8

சமைத்து மேசையில் மூடி வைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டேன்.

ஒக்ரோபர் 20

யோசித்துப் பார்த்தால் மாரிசெலின் ஊர்க்காரர் மோடர்கள் இல்லை. கஜீவனின் அப்பா போய்ச் சேர்ந்த பிறகு எனக்கு இருப்பது இந்த ஒன்றுதான். மருமகள் வந்து பிரிக்கவும் போவதில்லை. யூனியன்வில்லுக்கு வேண்டாமென்று சொல்லிவிட்டேன்.

"நீ எப்பிடி வேணுமெண்டாலும் இரு. என்னோடை இருந்தால் சரி" என்றேன். சந்தோஷப்படுவான் என்று பார்த்தால் முகம் கறுத்துப் போயிற்று. இதிலும் ஏதோ இருக்கிறது.

நவம்பர் 3

என் பிள்ளைக்கு என்ன சொல்லி வைத்திருக்கிறாய் என்று மாரிசெலிடம் கேட்டேன். ஒன்றும் சொல்லவில்லையாம். தன் கதையைத்தான் சொன்னாளாம். தாய் அவளைத் தலையில் வைத்துத்தான் வளர்த்தாராம். ஆனால் உனக்கு எங்கே இருக்க விருப்பம் என்று ஒருவரும் கேட்கவில்லையாம். அக்காமாரைக் கேட்டார்களாம்.

திரும்பி ஏறி வந்துவிட்டேன். அவள் மேல் வந்த கோபம் படியேறி முடியுமுன் என் மேல் திரும்பிவிட்டது.

நவம்பர் 17

"உனக்கு எங்கை இருக்க விருப்பம்?"

கஜீவன் பயந்துபோய் என் முகத்தைப் பார்த்தான். பிறகு, "பிக்கரிங்கிலை ஒரு ரூம் பாத்திருக்கிறன்."

"எப்ப போறாய்?"

"நீங்க சொல்லுற நேரம்."

"என்னை ஏன் கேக்கிறாய்?" என்றேன். பெரிய சூட்கேசை இறக்கிக் கொடுத்தேன்.

டிசெம்பர் 1

சாமானெல்லாம் காரில் ஏற்றியாயிற்று. பிள்ளை முதல்தடவையாகக் கண்ணுக்கு மை போட்டிருந்தது. ஒரு கண்ணில் கோணல். வாசலில் வைத்தே அழித்து, நானே சரியாகப் போட்டுவிட்டேன். முன்வீட்டு அன்ரி யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றார். மற்றக் கண்ணுக்கும் போட்டேன்.