நீர் தங்கக் கூடாது

1957 செப்டம்பர் 3, செவ்வாய்

கணுக்காலுக்கு மேல் சுற்றளவு பதினாலரை அங்குலம். நேற்றும் அதே.

காலைக் கழுவ இன்று இருபது நிமிஷம் ஆனது. காய்ச்சின தண்ணீர் ஆறுவதற்கு ஏழு, சோப்புக்கு நான்கு, மடிப்பு மடிப்பாகத் துடைப்பதற்கு ஒன்பது. சுண்டுவிரல் இடுக்கில் தோல் வெளுத்து ஊறியிருந்தது. ஊதா மருந்து தடவினேன். கும்பகோணத்தில் பத்து வருஷம் நிருபர் வேலை பார்த்ததற்குக் கொசு கொடுத்த சன்மானம் இந்த யானைக்கால்.

இதற்குள் என் மனைவி சுருளியம்மாள் மூன்று தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டாள். "நீர் கோத்த கால்ல தெனமும் தண்ணிய ஊத்துறீங்களே, அடுக்குமா?" இருபத்தாறு வருஷம் ஒரே வீட்டில் இருக்கிறோம். இந்த ஒரு கேள்விக்கு எத்தனை தடவைதான் பதில் சொல்வது? உள்ளே கோத்திருப்பது கிணற்றுத் தண்ணீர் இல்லை என்றேன்.

"பின்ன எந்தத் தண்ணியாம்?"

எரிச்சல் கூடியதுதான் மிச்சம்.

செப்டம்பர் 5, வியாழன்

டாக்டரிடம் போனேன். ஆடியில் வந்த சுரத்தில் அரை அங்குலம் கூடியது, இன்னும் இறங்கவில்லை. "அழுக்கும் ஈரமும் சேர்ந்தா தோல் வெடிக்கும். அந்த வெடிப்பு வழியாத்தான் விஷம் உள்ள போகுது. ஒவ்வொரு சுரத்துக்கும் கால் தடிச்சுக்கிட்டே போகும்" என்றார். நகத்தை ஒட்ட வெட்டாதே, சொறியாதே, வெறுங்காலோடு நடக்காதே, படுக்கும்போது காலை உயர்த்தி வை. எல்லாம் தெரிந்ததுதான்.

கிளம்பும்போது பிடித்துக்கொண்டார். "மலையிலேருந்து மாசம் நாலு பேர் இந்தக் காலோட வர்றாங்க. அழுகினப்புறம் வர்றாங்க. நீங்க பத்திரிகைக்காரர்தானே, எழுதுங்களேன்."

எழுதி மதுரைக்கு, பத்திரிகை ஆபீசுக்கு அனுப்பிவிட்டேன். எட்டு வரி. எனக்கும் இந்த வியாதி உண்டு என்று எழுதவில்லை. அது செய்தி அல்லவே.

செப்டம்பர் 9, திங்கள்

மூன்றாம் பக்கம், அடியில் வந்திருக்கிறது. எழுத்துப் பிழை இல்லை. சுருளியம்மாள் படித்துவிட்டு, "நான் சொன்னதைத்தானே நீங்களும் போட்டிருக்கீங்க" என்றாள். என்ன சொன்னாள் இவள்? கேட்கப் பொறுமை இல்லை. காப்பி குடிக்காமலே கிளம்பினேன்.

செப்டம்பர் 21, சனி

வியாபாரி ஏலக்காய் காயப்போட்டிருக்கும் கொட்டகைக்குள் செருப்போடு வரக்கூடாதாம். கழற்ற மாட்டேன் என்றேன். வெளியே நின்றுகொண்டு, விலை இறங்கியது ஏன் என்று கூவிக் கூவிக் கேட்டேன். உள்ளே இருந்தவர் திரும்பத் திரும்ப "என்னது?" என்றார். தொண்டை கட்டிவிட்டது. கால் பதினாலரை.

செப்டம்பர் 30, திங்கள்

குரங்கணிக்கு மேலே ஒரு ஏலத் தோட்டத்தில் கங்காணியாக இருக்கும் ராக்கையா, காய் லோடோடு இறங்கி வந்தவர், என்னைத் தேடிக்கொண்டு வந்தார். வாயெல்லாம் பல்.

"அய்யா, உங்க சேதிய நான்தான் ஆளுகளுக்கு எல்லாம் வாசிச்சேன். எங்கள்ல பெரியம்மான்னு ஒருத்தி, மந்துக்கால்காரி, யானைக்கால்தான். மலையாளத்துல, சேர்த்தலைக்குக் கயிறு திரிக்கப் போன எடத்துல வந்தது. அன்னையிலருந்து கால்ல பொட்டுத் தண்ணி படவிடலியே! துணியச் சுத்தி, குளிக்கையில கால வெளிய நீட்டிக்கிட்டுல்ல குளிக்கிறா."

யார் அப்படிச் சொன்னது என்றேன்.

"நீங்கதான் அய்யா. பேப்பர்ல போட்டிருக்குல்ல."

இப்போது எப்படி இருக்கிறாள்?

"முந்தாநாள்லருந்து குளிரு சொரம். படுத்திருக்கா."

மதுரையில்தான் வெட்டியிருப்பார்கள் என்று அவர் எதிரிலேயே திட்டினேன். முப்பது வருஷமாக இதே கூத்து, இடமில்லை என்று வெட்டி அர்த்தத்தையே மாற்றிவிடுவார்கள் என்றேன். அவர் போனபிறகு நகலை எடுத்துப் பார்த்தேன். வெட்டவே இல்லை. என் கையெழுத்தில் இருக்கிறது: "காலில் நீர் தங்கக் கூடாது."

விரல் இடுக்கில் என்று எழுதவில்லை. கழுவியபின் என்று எழுதவில்லை. கழுவு என்றே எழுதவில்லை! அதைப் போய் ஒருத்தருக்குச் சொல்ல வேண்டுமா என்று விட்டிருக்கிறேன். ஊர் முழுக்க நீர் கோத்த கால் என்றுதான் இதைச் சொல்கிறது. அந்த ஊரில் உட்கார்ந்து இந்த வரியை எழுதியிருக்கிறேன். நானா?

சுருளியம்மாளைக் கூப்பிட்டுக் கேட்டேன், அன்றைக்கு என்ன புரிந்தது என்று. "தண்ணியே ஆகாதுன்னு. வேற என்ன?" என்றாள். என் முதல் வாசகி. கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பாள்.

அக்டோபர் 1, செவ்வாய்

குரங்கணி வரை ஜீப். மேலே அரை மைல் ஏறினேன், ஒரு மணி பத்து நிமிஷம். இரண்டு அட்டை கடித்தது. பிடுங்காமல் உப்பு வைத்து எடுத்துக் கழுவினேன்.

தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தின் கடைசி அறையில் பெரியம்மாள் இருந்தாள். நாற்பது வயதிருக்கும். உடம்பு கொதிக்கிறது. துணியை அவிழ்த்ததும் ராக்கையா மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்தார். முழங்கால் வரை செக்கச்செவேல். தொடை இடுக்கில் நெறி கட்டியிருக்கிறது. விரல்களுக்கு நடுவே நான் பார்த்ததை எழுதப் போவதில்லை.

கம்பளியில் கட்டித் தூக்கிவந்து ஜீப்பில் ஏற்றினோம். டாக்டர் பெனிசிலின் போட்டார். "காலைக் காப்பாத்தலாம்னு நினைக்கிறேன். ரத்தத்துல ஏறியிருந்தா சொல்ல முடியாது." என் செய்தியைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

அக்டோபர் 2

சுரம் குறையவில்லை.

அக்டோபர் 4, வெள்ளி

காலையில் குறைந்தது. கஞ்சி கேட்டாளாம்.

அக்டோபர் 10, வியாழன்

திருத்தம் கேட்டு எழுதியிருந்தேன். செய்தி ஆசிரியரின் பதில் வந்தது. ஒரு மாதம் பழைய வைத்தியக் குறிப்புக்குத் திருத்தம் போடும் வழக்கமில்லையாம். வரியில் பிழை எதுவும் தென்படவில்லையாம்! பிழை இல்லைதான். அதுதானே ஐயா பிழை.

அக்டோபர் 13, ஞாயிறு

பெரியம்மாள் புதனன்றே மலைக்குத் திரும்பிவிட்டாள். டாக்டர் கொடுத்த சோப்பைக் காகிதம் பிரிக்காமல் வைத்திருக்கிறாள் என்று ராக்கையா சொல்லியனுப்பினார். மறுபடி ஏறினேன்.

லயத்து வாசலில் பன்னிரண்டு பேர். என்னைப் பார்த்ததும் ஆரம்பித்தாள்.

"அன்னைக்கு தண்ணி ஆகாதுன்னு பேப்பர்ல போட்டீங்க. இன்னைக்கு ஊத்துன்னு வாயால சொல்றீங்க. எத அண்ணே நம்புறது?"

எழுதினது தப்பு என்றேன்.

"பேப்பர்ல தப்பாப் போடுவாகளா?"

நான் தப்பாக எழுதினேன், அதனால் தப்பாக வந்தது என்றேன். நம்பவில்லை. டாக்டர் சொன்னதைச் சொன்னேன். விஷம் எப்படி ஏறுகிறது என்று விளக்கினேன். ஒருவன் கொட்டாவி விட்டான். வந்த ஆத்திரத்தில் வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிவிட்டேன். இந்த ஊருக்கு வந்து ஒன்பது வருஷம், டாக்டருக்கும் சுருளியம்மாளுக்கும் தவிர யாருக்கும் காட்டியதில்லை.

பெரியம்மாள் குனிந்து பார்த்தாள்.

"ஆத்தாடி! எங்கால விடப் பெருசு. எழுதுனவருக்கும் மந்துன்னு போட்டிருந்தீங்கன்னா அப்பவே விவரமாக் கேட்டிருப்பமே."

சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. தண்ணீர் கேட்டேன். வாசல் கல்லில் உட்கார்ந்து, எல்லோர் கண்ணெதிரே சோப்புப் போட்டுக் கழுவி, விரல் விரலாகத் துடைத்து, ஊதா மருந்து பூசினேன். "தெனமுமா?" என்றாள். தினமும் என்றேன். "எத்தனை வருசமா?" ஆறு. கையை நீட்டி என் ஆடுசதையை அழுத்திப் பார்த்தாள். பிறகு தன் காலைத் தண்ணீர்ச் சட்டிப் பக்கம் நகர்த்தினாள்.

அக்டோபர் 27, ஞாயிறு

ஏறினேன். கால்வலி. பெரியம்மாள் கழுவுகிறாள், ஆனால் தேங்காய் நாரால் தேய்க்கிறாள்! தோல் உரிந்திருக்கிறது. கத்தினேன். "அழுக்குப் போக வேணாமா?" என்று அவளும் கத்தினாள்.

நவம்பர் 17, ஞாயிறு

மழை. ஜீப் தாமதம். போய்ச் சேர்ந்தபோது எனக்காகக் காத்திருக்கவில்லை, ஆரம்பித்துவிட்டார்கள். வரிசையாக ஐந்து பேர். இரண்டு பேருக்கு வெறும் சேற்றுப்புண்தான், அவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். பெரியம்மாள் ஒவ்வொருவர் காலாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். நாரைக் காணோம். அவள் காலில் தோல் மூடியிருக்கிறது. அன்றைக்கு அப்புறம் சுரம் இல்லை.

நானும் கழுவித் துடைத்துவிட்டுச் செருப்பை மாட்டப் போனேன்.

"நில்லுங்கண்ணே" என்று என் காலைப் பிடித்து விரலைப் பிரித்தாள். "இந்தா, இங்கன ஈரம் இருக்கு. என்னத்தத் தொடச்சீங்க?"

இருந்தது. துடைத்தேன்.