கொடிமேடைக்கு அடியில் பாதிப் பெயர்

சிலமலை,
18-8-1957

அன்பு மகள் பொன்னுமணிக்கு அப்பா எழுதிக்கொண்டது. காளியம்மன் புண்ணியத்தில் இங்கே நான் சுகம், ரங்கூனில் நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சுகமாக இருக்க வேண்டும். உன் அம்மா போன பிறகு சுகம் என்று எழுதவே கை கூசுகிறது, எழுதாவிட்டால் நீ பயப்படுவாய். மலையில் ஏலம் நன்றாகக் காய்த்திருக்கிறது, காய் எடுக்க ஆட்களெல்லாம் மேலே போய்விட்டார்கள், தெருவில் பேச்சுத் துணைக்கு ஆளில்லை. சுப்புத்தாய் அத்தை மட்டும் ஒரு வேளை சோறு கொண்டுவந்து வைத்துவிட்டு, என்னைத் திட்டிவிட்டுப் போகிறாள்.

உன்னிடம் மறைக்க முடியவில்லை. பஸ் நிற்கும் இடத்தில், பட்டாளத்தில் செத்தவர்கள் பேரை வெட்டி வெள்ளைக்காரன் நட்ட கல்லை உடைத்துவிட்டார்கள். உச்சியில் ராஜாவின் கிரீடம் இருந்ததுதான் குற்றமாம். கிரீடம் போனதில் எனக்கும் சந்தோஷம்தான், ஆனால் அதற்குக் கீழே உன் அண்ணன் சுருளிவேல் பேர் இருந்ததே. பர்மாவிலிருந்து அவன் உடம்பு வரவில்லை, ஆடி அமாவாசைக்கு உன் அம்மா அந்தக் கல்லைத்தானே எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிச் சோறு படைத்தாள். பஞ்சாயத்துத் தலைவர் ஜக்கையன் நம் சுருளியோடு படித்தவன்தான், பேரை மட்டும் விட்டுவிடப்பா என்று அவனிடம் கெஞ்சினேன். "வெள்ளைக்காரனுக்குச் சண்டை போட்டவன் பேரு நம்ம கொடிக்குப் பக்கத்துல எதுக்கு மாமா?" என்றான். மழை பொய்த்த வருஷம் கஞ்சிக்கு வழியில்லாமல் பட்டாளத்துக்குப் போன பிள்ளை, ராஜாவைப் பற்றி அவனுக்கென்ன தாயி.

உடைத்த கல்லில் தேடினேன். 'சுருளி' என்ற துண்டு கிடைத்தது. 'வேல்' இருந்த துண்டு புதுக் கொடிமேடையின் அஸ்திவாரத்தில் போய்விட்டது என்றார் கொத்தனார். கிடைத்ததைத் தூக்கிவந்தால், செத்தவன் கல் வாசல்படி தாண்டக் கூடாது என்று அத்தை மறித்துவிட்டாள். தெருவில் வைத்தால் பஞ்சாயத்தில் எடுத்துவிடுவார்கள். மாட்டுக்கொட்டத்தில் வைக்கோல் போட்டு மூடியிருக்கிறேன், சாயங்காலம் அதன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

பதினைந்தாம் தேதி கொடி ஏற்றினார்கள். நான் மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் நின்றேன். மாமாவுக்குக் கொடி மேல் எவ்வளவு பக்தி பாருங்கள் என்று ஜக்கையன் எல்லோரிடமும் சொல்லி மிட்டாய் கொடுத்தான். கையில் மிட்டாய் பிசுபிசுத்துப் போனது.

அங்கே செத்த சிப்பாய்களின் பேரைக் கல்லில் வெட்டுவதாக மாப்பிள்ளை எழுதியிருந்தாரே, சீக்கிரம் போய்ப் பார். பேத்தியையும் கூட்டிப் போ, மாமா பேரை அவள் வாயால் ஒரு தடவை சொல்லட்டும். குளிர்ந்த தண்ணீரில் தலைக்குக் குளிக்காதே. மூவரும் நீண்ட ஆயுளோடு இருங்கள். வேறு எதுவும் எழுத நேரமில்லாவிட்டாலும், அண்ணன் பேர் முழுசாக இருக்கிறது என்று மட்டும் எழுது, போதும்.

உன் அப்பா,
ராக்கையா