நிவேதா கொலையாகும் நாடகம்

ஆகஸ்ட் 1, வெள்ளி

காற்று பேயாய் அடிக்கிறது. கோழி ஷெட் தார்ப்பாய் கிழிந்தது. என் மோட்டார் கேபிளை வெட்டிப் போட்டிருக்கிறார்கள். வேறு யார், பெரியப்பா மகன் துரைசாமிதான். பொதுக் கிணற்றில் தண்ணீர் முறை தகராறு ஆனதிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. தண்ணீரில்லாமல் குஞ்சுகள் வாயைப் பிளந்துகொண்டு செத்தன. கடப்பாரையோடு போய் அவன் ஸ்டார்ட்டர் பெட்டியை நொறுக்கினேன். மனசு ஆறவில்லை. ஆள் கிடைத்திருந்தால் மண்டைதான்.

வாங்க வேண்டியது: கேபிள், தார்ப்பாய், வீட்டுக்காரி சரசுவுக்குப் பிரஷர் மாத்திரை.

மகள் நிவேதா போன். நாளை பீளமேட்டில் அவள் காலேஜ் நாடகம். கொலை மர்மமாம். யார் கொலைகாரன் என்று கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறாள். "நாந்தானுங்கப்பா மொதல்ல சாகறது. நேரத்துக்கு வந்துருங்க."

ஆகஸ்ட் 2, சனி

பல்லடத்திலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே பயணம். சரசுவுக்கு மட்டும் சீட். காலேஜ் ஹால் வாசலில் துரைசாமி. இவனுக்கு இங்கே என்ன வேலை. நேருக்கு நேர் பட்டதும் இரண்டு பேரும் "வாங்க" என்றோம். வெட்டிக்கொள்ளப் போகும்போதும் இந்த வாய் அதைத்தான் சொல்லும். திரும்பிப் போகலாம் என்றேன். சரசு விடவில்லை.

மேடையில் பங்களா, இடிச் சத்தம். நிவேதா போன் பேசுகிறாள். என்ன அழகாகப் பேசுகிறாள். பின்னால் முகமூடி போட்ட ஒருத்தன். கையில் கறுப்புக் கேபிள். கழுத்தில் சுற்றி இழுக்கிறான். அவள் காலை உதைத்துத் துடிக்கிறாள். முகமூடி நழுவியது. துரைசாமி மகன் கௌதம்.

அப்புறம் நான் மேடையில். எப்படி ஏறினேன், தெரியாது. "எம்புள்ள மேலயா கை வெச்சே" என்று காதோடு சேர்த்து அறைந்தேன். விழுந்தான். மிதித்தேன். "சித்தப்பா, நடிப்புங்க, நடிப்புங்க" என்றான். காதில் ஏறவில்லை. குறுக்கே வந்த நிவேதாவை இழுத்து ஓரம் தள்ளினேன். துரைசாமி ஏறி வந்து என் வாயில் குத்தினான். நான் அவன் மூக்கில். வேட்டியெல்லாம் ரத்தம். இதுவும் கதைதான் என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது. முன்வரிசையில் ஒருவர் பக்கத்து ஆளிடம், "அப்பன்காரன்தான் கொலகாரனாட்ட இருக்குதுங்க."

வாட்ச்மேன்கள் பிரித்துவிட்டார்கள். நாடகம் பாதியில் நின்றது. நிவேதா எங்கள் முகத்தைப் பார்க்காமலே ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

தாடை வீக்கம். பல் ஒன்று ஆடுகிறது. கஞ்சிதான். சரசு டம்ளரை நகர்த்தி வைத்துவிட்டுப் போனாள். கௌதமுக்கு ஒரு காது சரியாகக் கேட்கவில்லையாம், ஆஸ்பத்திரியில் இருக்கிறார்களாம். பால்காரர் சொன்னார். பயமாக இருக்கிறது. இருந்தாலும் என் பெண் கழுத்தில் கை வைத்தவன்தானே.

சாயங்காலம் நிவேதா வந்தாள், துணி எடுக்க. அந்தப் பயல் எவ்வளவு அழுத்தினான், கழுத்தைக் காட்டு என்றேன். காட்டினாள். ஒரு கீறல் இல்லை. அது கேபிளே இல்லையாம், ரப்பர் குழாய். தங்கச்சிக்கு வலிக்கக் கூடாது என்று கௌதம்தான் கடை கடையாக அலைந்து வாங்கினானாம்.

பிறகு சுடிதார் கையைச் சுருட்டினாள். முழங்கைக்கு மேலே நாலு விரலும் நீலமாகப் பதிந்திருந்தது.

"இது அண்ணன் புடிச்சதில்லீங்கப்பா."

தேங்காய் எண்ணெய் எடுத்து வந்தேன். கையை இழுத்துக்கொண்டாள்.