தெஸேர் பாக்கெட்டின் பின்பக்கம்

முத்தியால்பேட்டை,
புதுச்சேரி.
12.10.2009

அன்புள்ள ஃபாத்திமாவின் அப்பாவுக்கு,

ஆனந்தமேரி எழுதிக்கொள்வது. நான் சுகம். மாதா புண்ணியத்தில் நீங்களும் பாரீசில் சுகமாக இருப்பீர்கள். மகள் சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை.

அவள் குடலுக்கு ஆகாத சாப்பாடு எதுவென்று கோரிமேடு ஆஸ்பத்திரி டாக்டர் பட்டியல் எழுதிக் கொடுத்ததைச் சொன்னேன் அல்லவா? வெளிநாட்டில் புதிதாக வந்த பத்தியமாம், லோ ஃபாட்மேப் என்று பெயர். கோதுமை, பால், வெங்காயம், பூண்டு, ஆப்பிள், தேன் என்று இரண்டு பக்கம். எல்லாம் வயிற்றுக்குள் போய்ப் புளித்து வாயுவாகிறதாம். ஆறு மாதமாக வெங்காயம் இல்லாமல் குழம்பு வைக்கிறேன். அதைக் குழம்பு என்று சொன்னால் குழம்புக்கே கோபம் வரும். அவள் முகம் சுளிக்காமல் சாப்பிடுகிறாள். பதினோரு வயசுக்கு இருபத்து மூன்று கிலோ இருக்கிறாள். இன்னும் குறைந்தால் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும் என்கிறார் டாக்டர்.

இந்த ஊர்ப் பாக்கெட்டுகளை நானே படித்துவிடுவேன். கேக், பிஸ்கட், ஐஸ்கிரீம், எதைத் திருப்பினாலும் கோதுமை, இல்லாவிட்டால் பால். வைத்துவிட்டு வந்துவிடுவேன். நீங்கள் அனுப்பும் தெஸேர், அதுதான் சாப்பாட்டுக்குப் பின் தின்கிற இனிப்பு, அந்தப் பாக்கெட்டுகளில் இருக்கும் பிரெஞ்சுதான் எனக்கு வராது. பள்ளிக்கூடத்தில் படிக்கிறாளே என்று அவளிடமே கொடுத்தேன். பட்டியலை மடியில் வைத்துக்கொண்டு விரலை ஓட்டி ஓட்டிப் படிப்பாள். "பார்த்துட்டேம்மா, இதுல ஒண்ணுமில்ல, சாப்பிடலாம்" என்பாள். எனக்கு எவ்வளவு பெருமை! என் அறிவை என்னவென்று சொல்ல.

போன வாரம் மூன்று நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். சந்தேகம் வந்து, காலி பாக்கெட்டுகளைப் பொறுக்கிக்கொண்டு அவளுடைய பிரெஞ்சு வாத்தியார் லூர்துநாதன் வீட்டுக்குப் போனேன். ஒவ்வொன்றாகப் படித்தார். கேக்கில் கோதுமையும் தேனும். புட்டிங்கில் பால். கிண்ணத்தில் வந்த கூழ் முழுக்க ஆப்பிள். "இதெல்லாம் முதல் வருஷப் பாடத்துலயே வர்ற வார்த்தைம்மா, ஃபாத்திமாவுக்கா தெரியாது?" என்றார். நான் வீடு வந்து சேர்ந்தது எப்படி என்றே தெரியவில்லை.

வந்ததும் அடித்துவிட்டேன். ஆமாம், நோயில் கிடக்கிற பிள்ளையை அடித்தேன். ஆண்டவர் மன்னிக்கட்டும். அவள் அழவில்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் நீங்கள் முதலில் கேட்பது, அனுப்பினது நல்லா இருந்துச்சா என்றுதானாம். "சாப்பிடலன்னா அப்பாகிட்ட என்னம்மா பேசுறது?" என்றாள். மூன்று வருஷமாக முகம் பார்க்காதவரிடம் வேறு என்னதான் பேசுவாள்?

நேற்றும் உங்களிடம் ரொம்ப நல்லா இருந்துச்சுப்பா என்று சொன்னாள். நான் பக்கத்தில் நின்றுகொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன். உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. சொல்லத்தான் எழுதுகிறேனோ என்னவோ. எனக்கு எல்லா நம்பிக்கையும் விட்டுப்போய்விட்டது. இந்தப் பிள்ளையை நான் எதைக் கொடுத்து வளர்ப்பேன்?

இனி பார்சல் வேண்டாம். மாதா உங்களைக் காக்கட்டும். வருகிற ஞாயிறு அவளிடம் தெஸேரைப் பற்றிக் கேட்காதீர்கள். வகுப்பில் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள், என்ன படம் வரைந்தாள், எதையாவது கேளுங்கள். ஒன்றும் கேட்கத் தோன்றாவிட்டால் பேசாமலாவது கொஞ்ச நேரம் லைனில் இருங்கள். உடனே வைத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஆனந்தமேரி