மூடி கழற்றிய கிரைண்டர்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோருக்கும் உடம்பு நலம், மனதைப் பற்றி மட்டும் கேட்காதே. அங்கே நீ பத்து விரலோடும் இரண்டு கண்ணோடும் நலமாக இருக்க வேண்டும். இப்படி எண்ணியெல்லாம் நலம் கேட்கிற ஆள் இல்லை நான், இந்த முறை கேட்க வைத்துவிட்டாய்.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. நான் ஒரு பழைய வேனுக்கு அடியில் படுத்திருந்தேன். உன் அம்மா பட்டறைக்கே எடுத்துக்கொண்டு வந்து, உங்க மக ஏதோ தொழில் சந்தேகம் கேட்டிருக்கா, நீங்களே படிங்க என்று நீட்டினாள். கார் கம்பெனியில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து போன் எடுக்கிறாய் என்றுதான் எட்டு மாதமாகப் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நீயோ பின்பக்கக் கொட்டகையில் உங்களை மாதிரியே நசுங்கின காரை நிமிர்த்துகிற டிங்கர் வேலை பார்க்கிறேன், கார் தகடு வெட்டச் சொந்தமாக ஒரு கருவி வாங்கப் போகிறேன், எது முதலில் வாங்கலாம் என்று சாவகாசமாகக் கேட்டிருக்கிறாய். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எழுந்த வேகத்தில் வேனில் தலையை இடித்துக்கொண்டேன். பக்கத்துக் கடை பெயின்டர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, அண்ணே, இனிமே உங்களுக்குப் போட்டி வீட்டுக்குள்ளயே இருக்கு என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்.

அதைக்கூட ஜீரணித்துவிட்டேன். கடிதத்தோடு வைத்திருந்தாயே, அந்தப் படத்தைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. கையில் இரும்பு வெட்டுகிற கிரைண்டர், முகத்தில் சிரிப்பு, கண்ணுக்குக் கண்ணாடி கிடையாது, சுழன்று வெட்டும் டிஸ்க்குக்கு மேல் இருக்க வேண்டிய அரைவட்ட மூடி கிடையாது. பின்னால் உன் கையெழுத்தில், நீங்க கழட்டி வச்ச மாதிரியே நானும் கழட்டிட்டேன்ப்பா, மூலைக்குள்ள சூப்பராப் போகுது என்று பெருமை வேறு. கழற்றி வைத்திருந்த வேன் சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். போனில் பேசினால் கத்திவிடுவேன் என்று பயந்துதான் எழுதுகிறேன்.

கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். முதலில் தகடு வெட்டும் கத்திரி வாங்கு, கிரைண்டர் இல்லை. நேராக வெட்ட ஒன்று, இடது வளைவுக்கு ஒன்று, வலது வளைவுக்கு ஒன்று, மூன்றும் வேண்டும். ஒட்டுத் தகடு வெட்ட அதுவே தாராளம், நெருப்புப் பொறி கிடையாது, பெயின்ட் கருகாது, பக்கத்தில் இருக்கிற கார்க் கண்ணாடியில் பொறி பட்டுப் புள்ளி விழாது. ஒவ்வொரு வெட்டிலும் கத்திரி வாயை நுனிவரை மூடாதே, மூடினால் தகட்டு விளிம்பில் பல் விழும், அது உன் கையைத்தான் முதலில் கிழிக்கும். தகடு நெளியாமல் வளைவு வெட்ட வேண்டுமென்றால் கடித்துக் கடித்துத் துப்புகிற நிப்ளர் நல்லது, ஆனால் அது துப்பும் பிறைத் துண்டுகள் செருப்பைத் துளைத்துக்கொண்டு ஏறும், வேலை முடிந்ததும் பெருக்கு. கதவுத் தூண் மாதிரி இடத்துக்குக் அழுத்தக் காற்றில் ஓடும் சின்ன ரம்பம்தான் சரி, உள்ளே ஒயர் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு வை. இன்னொன்று, எதையும் வெட்டுவதற்கு முன்னால் வெட்டத்தான் வேண்டுமா என்று யோசி, தகடுகளை இணைக்கிற வெல்டிங் பொட்டுகளைத் துளைத்து எடுத்தாலே பாதித் தகடுகள் முழுசாகக் கழன்று வந்துவிடும். கிரைண்டர் கடைசி. மெல்லிய டிஸ்க் வெட்டின பள்ளத்துக்குள் கொஞ்சம் திரும்பினாலும் தகடு கவ்வும், கவ்வினால் டிஸ்க் உடையும், உடைந்தால் எந்தப் பக்கம் பறக்கும் என்று அதற்கே தெரியாது.

இவ்வளவும் எழுதிவிட்டு, உன்னைத் திட்ட எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்று என் கிரைண்டரைப் போய்ப் பார்த்தேன். மொட்டையாகக் கிடக்கிறது. மூடி எங்கே என்று பட்டறையைத் தலைகீழாகப் புரட்டிவிட்டேன். கடைசியில் உன் அம்மா, அந்த இரும்பா, கொல்லைக் கதவுக்கு எத்தனையோ வருஷமா நான்தான் முட்டுக் கொடுத்து வச்சிருக்கேன் என்கிறாள். மூடியெல்லாம் பயந்தாங்கொள்ளிகளுக்கு என்று சின்ன வயதிலேயே உனக்குச் சொல்லிக் கொடுத்த மகாராசன் நான்தானே.

இப்போது நான் யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். உனக்கு ஆறு வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்து சுவரோரம் டயருக்குள் உட்கார்ந்து நான் வெட்டுவதைப் பார்த்துக்கொண்டே தூங்கிப்போனாய். டிஸ்க் உடைந்தது. ஒரு துண்டு உன் தலைக்கு ஒரு சாண் மேலே சுவரில் போய்ச் செருகி நின்றது. சுவர்க் காரை பெயர்ந்து உன் தலைமுடியில் கொட்டியது, நீ விழிக்கவே இல்லை. உன்னைத் தூக்கிக்கொண்டு போய் அம்மாவிடம் படுக்க வைத்துவிட்டு வந்து, அந்த ஓட்டையைச் சிமெண்ட் வைத்துப் பூசினேன். மறுநாள் நீ வந்தபோது, பொம்பளப் புள்ளைக்குப் பட்டறையில என்ன வேலை என்று விரட்டினேன். நீ அழுதாய், அதற்கப்புறம் வாசல்படி தாண்டவில்லை. இன்றைக்கு இந்த வேலையை என்னிடம் ஒளித்ததும் அந்தச் சொல்லால்தான் என்று தெரிகிறது. நீ பெண் என்பதற்காக விரட்டவில்லை, கண்ணு. எனக்குப் பயம். ஆறு வயதுக் குழந்தையை விரட்டத் தெரிந்தவனுக்கு, இரண்டு திருகாணி முடுக்கி அந்த மூடியை மாட்டத் தோன்றவில்லை பார்.

இதுவரை எழுதியதை முந்தாநாள் உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். டயரில் நீ தூங்கின இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னாள். பிறகு அதை மட்டும் மறுபடி வாசிக்கச் சொன்னாள். எழுந்து போனவள் இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை, சாப்பாட்டுத் தட்டை மட்டும் வைத்துவிட்டுப் போகிறாள். இன்று காலை பெயின்டரிடம், அங்க அவ மூடி மாட்டின படம் வரட்டும், அப்புறம் பேசறேன்னு சொல்லுங்க என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

தொழிலில் நல்ல பெயர் எடு, எங்கள் ஆசி எப்போதும் உண்டு. மூடியை மாட்டு, கண்ணாடி போடு, கையுறை போடு. படம் எடுத்து உடனே அனுப்பு, வீடு ரொம்ப அமைதியாக இருக்கிறது.

உன்னை விரட்டிய,
அப்பா