புதுக் கல்லைப் பழக்கினேன்

24.7.1984, செவ்வாய் இரவு

கிளி செத்துவிட்டது.

அண்ணன் துபாயிலிருந்து கொண்டுவந்த நான்ஸ்டிக் தோசைக்கல்லை இன்று காலையில் பழக்கினேன். இரும்புக் கல்லைப் பழக்குவது போலவே, வெறும் கல்லை அடுப்பில் வைத்துப் புகைய விட்டேன். ஆடிக்காற்றில் தறியின் பட்டு இழைகள் அறுந்துவிடும் என்று ஜன்னல்களைச் சாத்தியிருந்தோம். எனக்கே தொண்டை எரிந்தது. புதுக் கல் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

திரும்பிப் பார்த்தால், கிளி வாயைப் பிளந்தபடி கூண்டுக்குள் கிடந்தது. கூண்டுக்குக் கீழேதான் குழந்தையின் தூளி.

அவர் தறியை விட்டு எழுந்துவந்து, "பூனையைப் பார்த்து பயந்துகினு செத்திருக்கும். ஏன் பேஜார் பண்ற?" என்றார்.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினேன். "கொயந்த நல்லாத்தான் கீதும்மா. கல்லு காஞ்சா கிளி சாவுமா?" என்று கம்பவுண்டர் சிரித்தார். டாக்டர் நாளைக்குத்தான் வருவாராம்.

சாயங்காலத்திலிருந்து இருமுகிறாள். பால் குடிக்கவில்லை.

கல்லைத் தெருவில் வீசிவிட்டேன். ஜன்னல்களை எல்லாம் திறந்துவிட்டேன். காற்றில் இழைகள் அதிர்கின்றன. அறுந்தால் அறுந்து போகட்டும்.

இடது கையை அவள் நெஞ்சில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். கை ஏறி இறங்குகிறது. நான் தூங்கிவிட்டால் தெரியாமல் போய்விடும். அதனால்தான் எழுதிக்கொண்டே